பால்கோவா அடுப்பும் என் பரட்டை முடியும்

என் முடி சுருட்டை முடி. சுருட்டை என்றால் நெற்றியில் அழகாக வந்து விழுகிற சுருட்டை இல்லை. ஒவ்வொரு முடியும் அதனதன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போகும். சீவி முடித்துக் கண்ணாடியைக் கீழே வைப்பதற்குள் காதோரத்தில் எழுந்து நின்றுவிடும். வெயில் காலத்தில் ஒரு மாதிரி, மழைக்காற்றில் ஒரு மாதிரி. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள். ஆனால் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு என் தலை பலகையை மறைக்கிறது என்று டீச்சர் என்னைக் கடைசியில் கொண்டுபோய் உட்கார வைத்தாரே, அன்றிலிருந்தே எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போய்விட்டது. கடைசி வரிசையில் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள். நானாகப் போய்ப் பேசுகிற சுபாவமும் எனக்குக் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. எழுதுவது வேறு. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை.

நான் பிறந்தது ராஜபாளையத்தில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அப்பா தறி போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டதால் என் தலை அக்காவின் பொறுப்பில் வந்தது. அக்காவுக்கு நேர் முடி. இந்த முடியை என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தலையிலேயே போட்டுப் போட்டுப் பார்த்து அவளாகக் கண்டுகொண்டாள். சீயக்காய் போட்டால் முடி முரடாகி இலவம்பஞ்சு வெடித்த மாதிரி ஆகிவிடுகிறது என்று தெரிந்து அதை நிறுத்தினாள். செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்த வழவழப்போடு ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துத் தேய்ப்பாள். தேய்ப்பதற்கு முன்னால் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து, கை சூடு தாங்குகிற பதத்துக்குக் காய்ச்சி வைப்பாள். காய்ந்த முடியில் சீப்பு படவே கூடாது. ஈரம் இருக்கும்போதே, முதலில் விரலால், நுனியிலிருந்து மேலே மேலே வரவேண்டும். வேரைப் பிடித்துக்கொண்டு நுனியை அவிழ்ப்பாள். அப்படிச் செய்தால் வலிக்காது.

துவட்டுவதற்கு எங்கள் வீட்டில் துண்டு கிடையாது, அப்பாவின் துணிதான். வெளுக்கப் போய்த் திரும்பி வந்த பேண்டேஜ் துணியில் ஓரம் பிசகினதை ஒதுக்கி வைத்திருப்பார்கள். சிலந்தி வலை மாதிரி இருக்கும். தலையில் சுற்றினால் தண்ணீரைக் குடித்துவிடும், முடியைக் கலைக்காது. தேங்காய்ப்பூத் துண்டால் துவட்டினால் என் தலை எப்படி ஆகும் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். வீட்டில் மூன்று பேர்தான்: அத்தை, என் வீட்டுக்காரர், நான். மாமனார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பின்கட்டில் பால்கோவா கிண்டி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குக் கொடுப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் காலையிலேயே கோவாப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். பிறகு அந்தக் கடைக்காகவே மதுரை பஸ்களில் ஏறி இறங்கி விற்றுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். பகலெல்லாம் எனக்கு அத்தைதான். அத்தைக்குத் துணையாக அடுப்பில் நிற்கப் பக்கத்து வீட்டு மதினி வருவார். மதினி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு வரும்.

பால்கோவா கிண்டுவது என்றால் வேலை கைக்குத்தான், வாய் சும்மாதான் இருக்கும். அகன்ற இரும்புச் சட்டியில் பாலை ஊற்றிவிட்டால், அது சுண்டி இறங்குகிற வரைக்கும் துடுப்பை எடுக்க முடியாது. எடுத்தால் அடிப்பிடித்துவிடும். புளியம்விறகு நின்று எரியும். ஒருத்தர் கை அசந்தால் இன்னொருத்தர் துடுப்பை வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரமெல்லாம் பேச்சு. எந்தத் தெருவில் எவள் எவனோடு சண்டை, கோர்ட்டுக்கு யார் யார் வந்தார்கள், தேருக்கு எந்த ஊர்ச் சம்பந்தி வருகிறார், எல்லாம் அந்தச் சட்டியைச் சுற்றித்தான். எனக்குப் பேச வராது. ஆனால் அங்கே பேசாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துடுப்பைப் பிடித்திருந்தால் போதும். வந்த முதல் சில மாதங்கள் அப்படி நின்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த துணை.

மதினி என் தலையைப் பார்த்து அவ்வப்போது ஏதாவது சொல்வார். "கொண்டைக்குப் பேர் போன ஊரு இது. இவளுக்கு ஒரு கொண்டை செத்த நேரம் நிக்க மாட்டேங்கு பாருங்க சித்தி" என்பார். அத்தை சிரிப்பார். நானும் குனிந்துகொண்டு சிரிப்பேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றியும் அங்கே பேச்சு இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கார அண்ணாச்சி நேராக வீட்டுக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து அத்தை முன்னால் பிரித்து வைத்தார். உள்ளே ஒரே ஒரு முடி. கோவா ஒட்டிக் காய்ந்துபோயிருந்தாலும் சுருள் நேராகவில்லை, பேனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டே கிடந்தது. வாங்கிப் போன ஆள் பாதி தின்றுவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்து சத்தம் போட்டானாம்.

யாருடைய முடி என்று அண்ணாச்சி கேட்கவில்லை. அத்தைக்கு நேர் முடி, மதினிக்கு நேர் முடி, வீட்டுக்காரருக்கு முன்பக்கம் வழுக்கையே விழுந்துவிட்டது. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மற்றவர்கள் முடி விழுந்தால் அது யாரோ ஒருவர் முடி. என் முடி விழுந்தால் என் பேர் எழுதினமாதிரி இருக்கும். அடுத்த தடவை இப்படி வந்தால் வேறு வீட்டில் சொல்லிக்கொள்வதாக அண்ணாச்சி தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். "நீ இனி அடுப்புப் பக்கம் வராத தாயி, கெணத்தடியில பாத்திரத்தப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

கிணற்றடி எங்கள் வீட்டில் பின்கட்டையும் தாண்டி, சுவர் ஓரத்தில். அடியில் பால் ஒட்டிக் காய்ந்த பாத்திரங்களைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். அங்கிருந்து கேட்டால் அடுப்படியில் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. சிரிப்பு மட்டும் முழுதாக வந்து சேரும். எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்துக்கொண்டு தேய்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தால் "என்ன சேதி" என்று கேட்பார். சொல்ல என்னிடம் ஒரு சேதியும் இருக்காது. முன்பெல்லாம் அடுப்படியில் கேட்டதையாவது சொல்வேன். இப்போது அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

முடியை அடக்கிவிட்டால் திரும்ப அடுப்புக்குப் போய்விடலாம் என்பது மட்டும் என் மனதில் இருந்தது. அதற்காக எதெதையோ செய்தேன். விளக்கெண்ணெயை வழிய வழியத் தடவினேன். தலையணை கெட்டுப்போனதுதான் மிச்சம். முகத்துத் தோல் இழுபடுகிற அளவுக்கு இறுக்கிப் பின்னினேன். மறுநாள் முன்னைவிட அதிகமாக முடி அறுந்து வந்தது. தேங்காய்ப்பூத் துண்டைப் போட்டு அழுத்தித் துடைத்தேன், அது சிலுப்பிக்கொண்டு எழுந்தது. பின்னந்தலைக்கு நம் கை சரியாக எட்டாது. எட்டினாலும் கண் தெரியாது. நேர் முடிக்காரர்களுக்கு இது புரியாது. இந்த முடிக்கு இன்னொருத்தர் கை வேண்டும்.

அந்த வருடம் பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் அப்பாவோடு அதே வீட்டில் இருந்து தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் கழிந்த மறுநாளோ என்னவோ, தறியில் ஏற்றுகிற பாவு நூலைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி போட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வேலைதான். ஆனால் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். கஞ்சி போடுவதற்கு முன் நூலெல்லாம் பிசிறு பிசிறாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. கஞ்சியை நனைத்துப் பெரிய பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் ஒவ்வொரு இழையும் படிந்து, மினுங்கிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கிறது. காய்ந்த பிறகும் எழும்பவில்லை.

அக்காவிடம் போய் இதை என் தலைக்குப் போடு என்றேன். "ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எதற்கு என்று நான் சொன்னேன். தலைக்கு ஊற்றிவிட்டு, சிக்கெடுத்துவிட்டு, கஞ்சியில் தேங்காயெண்ணெய் கலந்து, ஈரத் தலையில் ஒரு இழை விடாமல் தடவி, வகிடு எடுத்துப் பின்னிவிட்டாள். காய்ந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். கோயில் சிலைக்குச் செதுக்கின தலை மாதிரி இருந்தது. தட்டினால் சத்தம்கூட வந்தது. அத்தான் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, கெஜம் என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். காற்றில் மற்றவர்கள் தலையெல்லாம் பறந்தது, என் தலை அசையவில்லை. அந்த ஒரு பயணத்தில் நான் இருந்த மாதிரி நிமிர்ந்து அதற்கு முன்பும் பின்பும் உட்கார்ந்ததில்லை.

அத்தை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு முடி வெளியே நிற்கவில்லை. மறுநாள் காலையில் அவராகவே "வந்து துடுப்பப் பிடி" என்று சொன்னார். மதினியும் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே திரும்ப நின்றேன். கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர் மகள் கதை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்கதை தெரியாது, இருந்தாலும் கேட்டேன்.

பாவுக்கு முன்னால் அடுப்பும் கிடையாது, கொதிக்கிற பாலும் கிடையாது. அதை நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை. பாலின் ஆவி ஏற ஏறத் தலையில் கஞ்சி இளகிப் பிசுபிசுத்தது. அடுப்பின் அனலில் திரும்பக் காய்ந்தது. காய்ந்தபோது வெடித்தது. பால் பாதி சுண்டியிருக்கும். என் தோளில் வெள்ளையாகப் பொடி கிடப்பதை மதினி பார்த்துவிட்டார். அதே நேரம் சட்டியின் விளிம்பிலும் ஒரு துணுக்கு விழுந்தது. அத்தை என் கையிலிருந்து துடுப்பை வாங்கினார்.

"என்னத்தப் பூசியிருக்க தாயி" என்றார்.

மதினி என் பின்னலைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டார். அவருக்கும் தறிக்காரச் சொந்தம் உண்டு. "சித்தி, பாவுக் கஞ்சி. ஒங்க மருமக தலைய நெய்யக் குடுக்கப் போறா" என்றார். சிரிப்பு வந்தாலும் அத்தை சிரிக்கவில்லை. சட்டியில் இருந்த பால் முழுவதும் பக்கத்துத் தொழுவத்து மாட்டுத் தொட்டிக்குப் போனது. நான் கிணற்றடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் ஊர்கிற மாதிரி இருந்தது. கஞ்சியும் பால் ஆவியும் சேர்ந்த வாசனைக்கு எறும்பு என் பின்னலில் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

வாளி வாளியாக ஊற்றினேன். அழுதேனா தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா பையில் சுருட்டி வைத்து அனுப்பியிருந்த பேண்டேஜ் துணியை எடுத்து, ஈரத் தலையை அப்படியே உச்சி முதல் பிடரி வரை சுற்றி, காதோரம் செருகினேன். தண்ணீர் சொட்டுவது நின்றது. பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். குனிந்து எழுந்தாலும் ஒரு முடி முகத்தில் வந்து விழவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்த அத்தைதான் கவனித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தலையையே பார்த்தார். விரலை விட்டுச் சுற்றுக்கு உள்ளே தடவிப் பார்த்தார்.

"அவுக்காத. இதோடயே வா" என்றார்.

அப்படித்தான் நான் திரும்ப அடுப்புக்குப் போனேன். மெல்லிய துணி என்பதால் அனலில் தலை வேகவில்லை. முடியும் வெளியே வரவில்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அண்ணாச்சி சர்க்கரை மூட்டையோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரிக் கட்டு, தலை முழுவதும். அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்தார், அத்தை கையிலிருந்த துடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாமே ஆச்சி" என்றார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: மாமியார் துடுப்பால் அடித்து மருமகள் மண்டையை உடைத்துவிட்டாள். விசாரிக்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். ஒரு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலே கொண்டுவந்துவிட்டார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினால், பாவம் பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சத் துணியை எடுத்துத் தன் தலையிலும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார். மதினிக்கும் ஒன்று சுற்றிவிட்டார். அதற்கப்புறம் தெருவில் கதை மாறியது. மருமகளும் சும்மா இல்லை, திருப்பிப் போட்டுவிட்டாள், விலக்கிவிட வந்தவளுக்கும் அடி என்று பேசிக்கொண்டார்கள். அத்தை அதைக் கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எதற்குச் சிரிக்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

போகப் போக அது பழகிவிட்டது. கடையில் வந்து "கட்டுப் போட்ட வீட்டுக் கோவா இருக்கா" என்று கேட்டு வாங்குகிறவர்கள்கூட இருந்தார்கள். முடி வந்தது என்று பிறகு யாரும் சொன்னதில்லை. வருடங்கள் போயின. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் அடுப்படியில் பேச்சு வரும், போகும். நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

என் முடியைத் தொட்டது அந்த வருடங்களில் அக்கா மட்டும்தான். ராஜபாளையம் போகிற போதெல்லாம் கட்டை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து அனுப்புவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா போய்விட்டார். தறிகளை விற்றுவிட்டு அக்கா குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போனது. போகும்போது ஒரு சுருள் துணியை என்னிடம் கொடுத்து, "ஈரத்தோட கட்டாத, காயவிட்டுக் கட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குத் தெரியாத விஷயமா அது. ஆனால் காலையில் பால் வந்துவிடும். காயவிட நேரம் இருக்காது. ஈரத்தோடு சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போய்விடுவேன். முன்பக்கம் மட்டும் கை வைத்து நீவிக்கொள்வேன். பின்பக்கம் கை எட்டாது என்று விட்டுவிடுவேன். ஒருத்தரிடம் போய் என் தலையைப் பாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

பிடரிக்கு மேலே ஒரு உருண்டை விழுந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு. நாளாக ஆக அது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, கம்பளி மாதிரி ஒரே தட்டாக ஆகிவிட்டது. விரல் நுழையாது. படுத்தால் உறுத்தும். பிரித்தெடுக்க முடியாது என்று எனக்கே தெரிந்துபோனது. அறுத்துத்தான் எடுக்கவேண்டும். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறபோது நான் தலைமுடியை அறுத்தால் அத்தை என்ன நினைப்பார் என்று பயம். அதனால் ஒரு நாள் துணிந்து, இருக்கன்குடி அம்மனுக்கு முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். அதற்குள் அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. துடுப்பைக்கூடத் தடவித்தான் எடுப்பார்.

"யாருக்கு நேந்துகிட்ட? என்னத்துக்கு?" என்று கேட்டார்.

பொய்யைத் தொடர்ந்து சொல்ல எனக்குத் தெரியாது. அத்தை கையை நீட்டி என் கட்டைத் தொட்டார். செருகியிருந்த முனையைக் கண்டுபிடித்து உருவினார். துணி முழுவதும் மடியில் விழுந்தது. பிறகு பின்னந்தலைக்குக் கை போனது. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

"எம்புட்டு நாளா இப்படிக் கெடக்கு?"

"ரொம்ப நாளா, அத்தை."

"அக்கா போன பொறவா?"

தலையை ஆட்டினேன். அவருக்குக் கண் தெரியாதே என்று, ஆமாம் என்று வாயாலும் சொன்னேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அத்தை மதினியிடம் அன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பால் வாங்காத நாள் என்று அந்த வீட்டில் நான் பார்த்தது அதுதான். எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப்போனார். துவைக்கிற கல்லில் அவர் உட்கார்ந்துகொண்டு, முன்னால் என்னைத் தரையில் உட்காரவைத்தார். அக்கா செய்கிற மாதிரி நுனியிலிருந்து செய்யவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் தெரியாததால் அவர் முடியை இழுக்கவே இல்லை. எங்கே முடிச்சு இருக்கிறதோ அங்கே விரல் போய் நின்றது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொரு இழையாக வெளியே எடுத்தார். எடுத்த இழையை என் தோளில் தனியாகப் போட்டார். வெளிச்சம் இருக்கிறவரை செய்தார். விளக்கு வைத்த பிறகு தலை சீவக்கூடாது என்பதால் மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொண்டார்.

அந்த நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார். மாமனார் எப்படி அடுப்பைக் கட்டினார், புதிதாக வந்தபோது அத்தைக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாமல் எத்தனை சட்டி பாழானது, வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையில் சீனி திருடித் தின்றது. அடுப்படியில் அவர் பேசியதெல்லாம் மதினியிடம் பேசியது. நான் ஓரத்தில் நின்று கேட்டது. என் ஒருத்தியிடம் மட்டும் அவர் அவ்வளவு பேசியது அங்கேதான். திரும்பிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. தலை அவர் கையில் இருந்ததால் பார்க்கமுடியவில்லை.

இரண்டாம் நாள் கடைசி முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. முழு முடியையும் இரண்டு கையாலும் அள்ளி எடைபோடுகிற மாதிரி தூக்கிப் பார்த்தார்.

"இம்புட்டு மெத்துன்னு இருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு அந்தக் கடைக்காரன் காயிதத்துல கொண்டாந்தான்ல, ஒத்த முடிய. அதத் தூக்கி அடுப்புல போட்டுட்டு நான் சும்மா இருந்திருக்கணும். ஒன்னையத் தூக்கிக் கெணத்தடியில போட்டுட்டேன்."

எண்ணெய் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் கிணற்றடியில் உட்காருவோம். வெந்தயம் நான் அரைப்பேன், செம்பருத்தி இலையை அவர் கசக்குவார். காய்ந்த பிறகுதான் கட்டவிடுவார். கன்னத்தில் துணியை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். சில வருடங்கள்தான். பிறகு படுத்தார், போய்விட்டார்.

துக்க வீட்டில் பெண்கள் தலையை அவிழ்த்துவிடுவார்கள். நானும் கட்டை எடுத்தேன். என் முடியை அந்தத் தெரு அத்தனை வருடமாகப் பார்த்ததில்லை. பந்தலில் காற்று வேறு. தலையைச் சுற்றி நாலா பக்கமும் எழுந்து நின்றதை நானே உணர்ந்தேன். ஒரு சின்னப் பிள்ளை பயந்து அம்மா மடியில் முகத்தை ஒளித்துக்கொண்டது. ஒப்பாரிக்கு நடுவில் செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு சொந்தக்கார அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், இவளுக்கு மண்டையில் காயம் என்றல்லவா சொன்னார்கள், ஒரு தழும்பையும் காணோமே என்று கேட்டது என் காதில் விழுந்தது. இதைக் கேட்டால் அத்தை எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். சொல்லத் திரும்பினேன். அவர் எதிரே பெஞ்சில் கிடந்தார்.

அத்தை போன பிறகு அண்ணாச்சி கடைக்குப் பின்னாலேயே கேஸ் அடுப்பு போட்டு ஆள் வைத்துக் கிண்ட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குப் பால் வருவது நின்றது. மதினி மகள் வீட்டோடு போய்விட்டார். தொண்ணூறுகள் முடிவதற்குள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு யாருடைய தலைக்கும் கட்டு வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் நான் மட்டும் குளித்தால் சுற்றிக்கொள்வேன், பழக்கம்தான். இப்போது முடி நரைத்துக் குறைந்துவிட்டது, சுருள் மட்டும் போகவில்லை. முன்பக்கம் நானே பார்த்துக்கொள்கிறேன். பிடரிக்கு மேலே அந்த இடம் இன்னும் கைக்கு எட்டுவதில்லை. அவ்வப்போது முடிச்சு விழும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுவரில் சாய்ந்துகொண்டு, முடிந்தவரை விரலால் எடுக்கிறேன். மிச்சத்தை விட்டுவிடுகிறேன்.

வருடத்தில் ஒரு நாள், அத்தை போன திதிக்கு, பழைய அடுப்பைப் பற்றவைத்துக் கொஞ்சம் பால் ஊற்றிக் கோவா கிண்டுகிறேன். சின்னச் சட்டிதான், ஆனால் அதே துடுப்பு. போன தடவை கட்டுவதற்குத் துணியைத் தேடினேன். துவைத்து வெளியே காயப்போட்டிருந்தது. போய் எடுக்கலாம் என்றால் பால் அடிப்பிடிக்கிற பதத்தில் இருந்தது. சரி, யார் தின்னப்போகிறார்கள் என்று தலையை அப்படியே விட்டுவிட்டேன். பால் சுண்டி வருகிறபோது ஒரு முடி விழுந்தது. வெள்ளை முடி. பால் மேலே சுருண்டு கிடந்தது.

விரலால் எடுத்து அடுப்புக்குள் போட்டேன். செத்த நேரம் பொசுங்கின வாடை வந்தது. துடுப்பை எடுக்காமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.